ஆட்டோ இம்யூன் வாத நோய்கள்: ஏன் வருகின்றன, எதனால் மோசமாகின்றன, எப்படிக் காத்துக்கொள்வது – முழுமையான வழிகாட்டி

முடக்குவாதம் என்றோ லூபஸ் என்றோ மருத்துவர் சொன்னதும் மனதில் எழும் முதல் கேள்வி, "எனக்கு ஏன் வந்தது?" அடுத்தது, "இனி என்ன ஆகும்?" இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நோய் வருவதற்கான காரணங்கள் ஒரு பட்டியல். வந்த நோய் முற்றுவதற்கான காரணங்கள் வேறொரு பட்டியல். முதலாவதில் மரபணு, பாலினம், வயது என்று நம் கையில் இல்லாதவையே அதிகம். இரண்டாவதில் சிகிச்சை தொடங்கிய நாள், சிகரெட், ஸ்டீராய்டு அளவு, பாதியில் நிறுத்திய மாத்திரை, எடுக்காமல் விட்ட சிறுநீர்ப் பரிசோதனை என்று மாற்றக்கூடியவை நிறைய இருக்கின்றன. நோயாளியும் குடும்பமும் தங்கள் கவலையை இந்த இரண்டாவது பட்டியலின் மேல் செலவிட வேண்டும் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

படி 1: நோயின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

வாத நோய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. மூட்டுத் தேய்மானத்தில் குருத்தெலும்பு கெடுகிறது. கவுட்டில் யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குகிறது. இவை ஆட்டோ இம்யூன் நோய்கள் அல்ல. முடக்குவாதம், பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், கண்ணையும் வாயையும் வறளவைக்கும் ஷோக்ரென், தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா, தசை அழற்சி, ரத்தக்குழாய் அழற்சி போன்றவற்றில் நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்தத் திசுக்களைத் தாக்குகிறது. முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் சொரியாசிஸோடு வரும் மூட்டு அழற்சியும் இவற்றுக்கு நெருங்கிய இன்னொரு வகை.

பெயரோடு இன்னும் இரண்டு விவரம் கேளுங்கள். இந்த நோய் எந்தெந்த உறுப்புகளைத் தாக்கக்கூடும்? எனக்கு எந்த ஆன்டிபாடி (எதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும் புரதம்) பாசிட்டிவ்? ஒரே பெயருள்ள நோய் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் போவதற்குப் பெரும்பாலும் இந்த ஆன்டிபாடி வேறுபாடும் ஒரு காரணம். ஆன்டி சி.சி.பி. அதிகமாக உள்ள முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுதல். டி.என்.ஏ.வைக் குறிவைக்கும் ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ. ஏறியிருக்கும் லூபஸில் சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் வைத்தே இருக்க வேண்டும்.

படி 2: வருவதற்கான காரணங்களைப் புரிந்துகொள்ளுங்கள், பழி சுமத்த அல்ல

லூபஸ் நோயாளிகளில் 10 பேருக்கு ஏறக்குறைய 9 பேர் பெண்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். இதற்கு ஹார்மோன் மட்டுமே காரணம் என்றுதான் நெடுநாள் பேசினார்கள். பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கிவைக்கும் ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.வும் அதோடு சேரும் புரதங்களும் தன்னெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று 2024-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது விதி இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான். ஹெச்.எல்.ஏ. பி27 மரபணு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இருக்கிறது; ஆனால் அந்த மரபணு உள்ள நூறு பேரில் மிகச் சிலருக்குத்தான் நோயே வருகிறது. ரிப்போர்ட்டில் பி27 பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டுக் கலங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாற்றக்கூடிய காரணங்களில் முதலிடம் புகைபிடிப்பதற்கு. சிகரெட் புகை நுரையீரலில் உள்ள சில புரதங்களின் வடிவத்தை மாற்றுகிறது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. மாறிய புரதத்தை எதிர்ப்பு மண்டலம் அந்நியனாகப் பார்த்து அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது. அதுதான் ஆன்டி சி.சி.பி. மூட்டில் முதல் வீக்கம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது சிலரது ரத்தத்தில் இருக்கிறது. ஹெச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 மரபணுவின் குறிப்பிட்ட வகைகள் உள்ளவர் புகைக்கவும் செய்தால் இரண்டு ஆபத்தும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. நிறுத்தினால் ஆபத்து உடனே இறங்காது, ஆண்டுகள் போகப் போக இறங்குகிறது. நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் புகைபிடிப்பவர்களாக இருந்தால், இந்த ஒரு தகவலை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கல் உடைப்பு, சுரங்கம், துளையிடும் வேலைகளில் பறக்கும் சிலிக்கா தூசு முடக்குவாதம், லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா மூன்றுக்கும் தொடர்புடையது. ஈறு நோய்க்கும் உடல் பருமனுக்கும் முடக்குவாதத்தோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின், இதயத் துடிப்புக் கோளாறுக்கான புரோகைனமைடு போன்ற சில மருந்துகள் லூபஸ் மாதிரியான நோயைக் கிளப்பிவிடும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வைட்டமின் டி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 50 வயதைத் தாண்டிய 25,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற வைட்டல் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு சுமார் 5 ஆண்டுகளில் ஆட்டோ இம்யூன் நோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்தன. இது தடுப்பு பற்றிய ஆய்வு. ஏற்கெனவே வந்த நோய்க்கு வைட்டமின் டி மருந்தாகும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளுக்கு "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வேண்டாம். அதனால் வீணான பயம்தான் மிஞ்சும். ஏன் என்பதைப் படி 4-ல் சொல்கிறேன்.

படி 3: ஆரம்ப அறிகுறிகளை ஆறு வாரத்துக்குள் பிடியுங்கள்

காலையில் எழுந்ததும் கையை மூடிப் பாருங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடவில்லை, சட்டைப் பித்தான் போட முடியவில்லை, அரை மணி நேரம் கடந்த பிறகுதான் விரல்கள் வழிக்கு வருகின்றன என்றால் அது சாதாரணக் களைப்பு அல்ல. தேய்மானத்தில் வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகிவிடும். அழற்சியால் வருவது நீண்டு நிற்கும். அப்புறம், மற்றவர் ஒருவரை உங்கள் கையின் முட்டிகளைப் பக்கவாட்டில் சேர்த்து மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள், கை குலுக்கும்போது அழுத்துவது போல. சுள்ளென்று வலித்தால், அதுவும் இரண்டு கையிலும் வலித்தால், வாதநோய் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கால் விரல்களின் அடிமுட்டிகளையும் இப்படியே அழுத்திப் பார்க்கலாம்.

முதுகுவலியில் கவனிக்க வேண்டியது வேறு. 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, படுத்தால் கூடி நடந்தால் குறைகிற வலி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி, அழற்சி சார்ந்ததாக இருக்கலாம். வெயில் பட்டால் கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்து போவது, வலிக்காத வாய்ப்புண், காரணம் தெரியாத காய்ச்சல், கொத்தாக முடி உதிர்வது ஆகியவை லூபஸை நினைவுபடுத்த வேண்டும். குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, தலை வார கை உயரவில்லை என்றால் தசை அழற்சி இருக்கக்கூடும்.

வீக்கமோ தடிப்போ தெரியும்போதே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது மறைந்துபோயிருக்கும். பலருக்கும் இதனாலேயே நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறது. மூட்டு வீங்கிய ஆறு வாரத்துக்குள் வாதநோய் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரின் பரிந்துரை.

படி 4: ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்காதீர்கள்

உயிரணுவின் கருவைக் குறிவைக்கும் ஆன்டிபாடியான ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸ் என்று அர்த்தமில்லை. ஆரோக்கியமானவர்களிலேயே 1:80 அளவில் (ரத்தநீரை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும்போதும்) ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கும், 1:160 அளவில் இருபதில் ஒருவருக்கும் அது பாசிட்டிவாக வருகிறது. மறுபக்கம், லூபஸ் உள்ள அநேகமாக எல்லோருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ். அதனால் நெகட்டிவ் என்று வந்தால் லூபஸ் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பாசிட்டிவ் என்று வந்தால் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ஆன்டிபாடியும் அப்படித்தான். வயதானவர்களுக்கும், ஹெபடைட்டிஸ் சி போன்ற தொற்று உள்ளவர்களுக்கும் முடக்குவாதம் இல்லாமலே அது ஏறும். ஆன்டி சி.சி.பி. அதைவிட நம்பகமானது, முடக்குவாதம் இல்லாதவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு அது நெகட்டிவாகவே வருகிறது. ஆனால் இரண்டும் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருக்கலாம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டுமே தவிர, எந்த நோய் என்று காட்டாது.

படி 5: முதல் ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள்

ஒரு காலத்தில் முடக்குவாதத்துக்கு வலி மாத்திரையில் தொடங்கி, மூட்டு கெட்ட பிறகுதான் வலுவான மருந்துகளுக்குப் போனார்கள். இன்று வரிசை தலைகீழ். நோய் உறுதியானதும் நோயின் போக்கையே மாற்றும் மருந்தைத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மெத்தோட்ரெக்ஸேட். மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலை அல்லது மிகக் குறைந்த நிலை. இந்த இலக்கை எட்டவில்லை என்றால் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டும்.

அடங்கியதா என்று எப்படித் தெரியும்? "வலி பரவாயில்லை" என்பது போதாது. 28 மூட்டுகளில் வீக்கமும் வலியும் எத்தனை என்று எண்ணி, ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.யையும் நோயாளியின் சொந்த மதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடும் டி.ஏ.எஸ்.28 என்ற எண் இருக்கிறது. 2.6-க்குக் கீழே இருந்தால் அடங்கிய நிலை. 3.2 வரை குறைந்த நிலை. ஒவ்வொரு முறையும் "என் ஸ்கோர் இப்போது எவ்வளவு?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கூச்சப்படத் தேவையே இல்லை. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வலியை மூடிவிடும். அடியில் எலும்பு அரிக்கப்படுவது தொடரக்கூடும். அரித்துப்போன எலும்பு பழையபடி ஆகாது.

ஆன்டிபாடி மிக அதிகம், வீங்கிய மூட்டுகள் பல, சி.ஆர்.பி. உயரம், ஆரம்பத்திலேயே எக்ஸ்ரேயில் அரிப்பு, இரண்டு மருந்துகள் பலிக்காமல் போவது ஆகியவை நோய் கடுமையாகும் என்பதற்கான அடையாளங்கள். இவை இருந்தால் அழற்சியின் குறிப்பிட்ட ஒரு கண்ணியை மட்டும் தடுக்கும் பயாலஜிக் வகை மருந்துகளுக்கோ, அழற்சிச் சமிக்ஞையைச் செல்லுக்குள் தடுக்கும் ஜேக் தடுப்பு மாத்திரைகளுக்கோ சீக்கிரம் போக வேண்டியிருக்கலாம். புகைபிடிப்பது இங்கும் குறுக்கே நிற்கிறது: புகைப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியும் சரியாகப் பலிப்பதில்லை. அதிக எடையும் அடங்கிய நிலையை எட்டுவதைக் கடினமாக்குகிறது.

நோய் முழுதாக வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்ற முயற்சியும் நடக்கிறது. ஆன்டிபாடியும் மூட்டுவலியும் இருந்து, வீக்கம் இன்னும் வராதவர்களுக்கு அபாடசெப்ட் என்ற பயாலஜிக் மருந்தை ஓராண்டு கொடுத்த அபிப்ரா ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. மருந்தை நிறுத்திய இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த இடைவெளி 25-க்கு 37 எனக் குறுகியது. தள்ளிப்போட முடிகிறது, நிலையாகத் தடுத்துவிட்டதாக இன்னும் சொல்ல முடியாது.

படி 6: வலிக்காத உறுப்புகளைக் கண்காணியுங்கள்

1950-களில் லூபஸ் என்று கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர் ஐந்தாண்டுக்குள் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள். எஞ்சிய ஆபத்து பெரும்பாலும் மூட்டில் இல்லை. சிறுநீரகம், இதயம், நுரையீரல், தொற்று ஆகியவற்றில் இருக்கிறது.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் லூபஸில் அதிகம் இழக்கப்படுவதும், முன்னதாகப் பிடித்தால் அதிகம் காப்பாற்றப்படுவதும் அதுதான். லூபஸ் நோயாளிகளில் பலருக்கு, குறிப்பாக முதல் சில ஆண்டுகளில், சிறுநீரக அழற்சி வருகிறது. அது வலிக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவதும் கால் வீங்குவதும் தாமதமாகத் தெரிபவை. முதலில் தெரிவது சிறுநீரில் புரதம்தான். அதனால் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், உடம்பு நன்றாக இருந்தாலும். அது 0.5-ஐத் தாண்டி நிலைத்தால் மருத்துவர் சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் சிறு திசு எடுத்துச் சோதிப்பது) பற்றிப் பேசுவார். பயந்து தள்ளிப்போடாதீர்கள், எந்த வகை அழற்சி என்பதைப் பொறுத்துத்தான் மருந்து முடிவாகிறது. வீட்டில் கவனிக்க ஒன்று உண்டு: சிறுநீரில் நுரை கிளம்பி நெடுநேரம் அடங்காமல் நின்றால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்து எழுதி வைப்பதும் சிறுநீரகத்தைக் காக்கும்.

இதயம் அடுத்தது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு. காரணம், மூட்டை எரிக்கும் அதே அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரையும் கெடுக்கிறது. அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அந்த வயதில் மாரடைப்பு அரிது என்பதால் மொத்த எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இளம்பெண்ணின் நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இது போதும். கொலஸ்ட்ரால், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் ஆண்டுதோறும் பாருங்கள்.

வறட்டு இருமலும் மாடிப்படி ஏறும்போது புதிதாக வரும் மூச்சிரைப்பும் நுரையீரல் திசு இறுகுவதன் தொடக்கமாக இருக்கலாம். ஸ்க்ளீரோடெர்மாவில் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணங்கள் நுரையீரல் இறுக்கமும் நுரையீரல் ரத்த அழுத்தமும்தான். அதனால் நுரையீரல் திறன் சோதனையும் இதய எக்கோவும் முறையாக எடுக்கப்பட வேண்டும். ஷோக்ரென் உள்ளவர்களுக்குக் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி அப்படியே நின்றுவிட்டால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொற்றுக்கு எதிரான ஏற்பாட்டை மருந்து தொடங்கும் முன்பே செய்வது நல்லது. பயாலஜிக் மருந்துக்கு முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி சோதனைகள் அவசியம். ஃப்ளூ, நியூமோகாக்கஸ் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பு சக்தியை வலுவாக அடக்கும் மருந்து எடுக்கும்போது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகக் கூடாது.

படி 7: மருந்தைச் சரியாகக் கையாளுங்கள்

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். இந்தத் தவறால் உயிர்கள் போயிருக்கின்றன. மாத்திரை அட்டையின் மேல் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமை தெரிந்திருக்கட்டும். ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன நாட்களில் எடுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைத் தவறவிடாதீர்கள். மதுவை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் லூபஸில் அநேகமாக எல்லோருக்கும் தேவை. நோய் மீண்டும் கிளம்புவதை அது குறைக்கிறது. கண் கெடும் என்ற பயத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் விழித்திரை பாதிப்பு முதல் ஐந்தாண்டுகளில் மிக அரிது. தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாக.

ஸ்டீராய்டு அவசரத்துக்கு உயிர் காக்கும். அதே மாத்திரை மாதக்கணக்கில் ஓடினால் எலும்பு, கண், சர்க்கரை, தொற்று என்று வரிசையாகக் கெடுக்கும். லூபஸில் நீண்டகால அளவு, பிரெட்னிசோலோன் கணக்கில், நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் நிறுத்தவே வேண்டும் என்பது யூலாரின் 2023 பரிந்துரை. "இதை எப்போது, எப்படிக் குறைப்போம்?" என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி வரலாம்.

படி 8: கர்ப்பத்தைத் திட்டமிடுங்கள்

இந்த நோய்கள் இருந்தால் குழந்தை கூடாது என்பது பழைய பேச்சு. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்து, மருந்துகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டால் லூபஸ் உள்ள பெரும்பாலான பெண்களின் கர்ப்பம் நல்லபடியாக முடிகிறது. மெத்தோட்ரெக்ஸேட், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் இரண்டும் கருவுக்குக் கேடு. கருத்தரிப்பதற்கு வாரங்கள், மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடர வேண்டும். ஆன்டி ரோ என்ற ஆன்டிபாடி பாசிட்டிவாக உள்ள தாயின் கருவுக்கு இதயத் துடிப்புத் தடை வரும் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம். அதனால் கருவின் எக்கோ பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் ஆன்டிபாடி இருந்து முன்பு கரு கலைந்திருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்து உதவும். முடக்குவாதம் பலருக்குக் கர்ப்ப காலத்தில் அடங்கி, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் திரும்பக் கிளம்புகிறது. குழந்தையைத் தூக்க வேண்டிய அந்த நேரத்துக்கு மருந்தும் உதவிக்கு ஆளும் முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

படி 9: உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரங்கள்

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து வீங்கிக் கொதித்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஓரிரு நாளில் மூட்டையே அழித்துவிடும். நீண்டகால முடக்குவாதம் உள்ளவருக்குக் கழுத்துவலியோடு கை கால் மரத்துப்போனால் கழுத்தெலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல் ஆகியவை ரத்த உறைவின் அடையாளங்கள். ஸ்க்ளீரோடெர்மா உள்ளவருக்கு ரத்த அழுத்தம் திடீரென ஏறினால் சிறுநீரகம் நாட்களுக்குள் கெடக்கூடும். அதனால் நோயின் ஆரம்ப ஆண்டுகளில் வீட்டில் ரத்த அழுத்தக் கருவி கட்டாயம் இருக்கட்டும். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வை ஒரு கணம் மங்கினால் அது தலை ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டை அன்றே தொடங்க வேண்டும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது என்பதால் பயாப்ஸி முடிவுக்காகக்கூட மருத்துவர்கள் காத்திருப்பதில்லை.